அக்கா ஊரிலிருந்து வந்தது

ஆலைச் சங்கு ஊதினால்தான் சூரியன் எழுந்திருக்கும் என்று நம்பிய ஒரு குடியிருப்பு இருந்தது. அரவைப் பருவம் முழுவதும் கரும்புச் சக்கையின் கரி அதன்மேல் பூவைப் போல உதிரும். கொடியில் காயும் வேட்டியும், மூட மறந்த குழம்பும், வாசலில் அப்போதுதான் போட்ட கோலமும் ஒரே கறுப்பாகிவிடும். ஆனால் அதே ஆலையில் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கசடை ஒரு கூடை அள்ளி வந்து கொட்டினால் துடைப்பக்குச்சிகூடத் துளிர்விடும் என்பதால், கரியைத் திட்டிக்கொண்டே எல்லோரும் செடி வளர்த்தார்கள். நான் அந்தச் சர்க்கரை ஆலையின் கொதிகலனில் ஃபிட்டராக இருந்தேன். என் மனைவி செங்கமலம், ஆலை எங்களுக்குக் கொடுத்த வீட்டைச் சுற்றி, நடப்பதற்கு ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் தோட்டமாக்கி வைத்திருந்தாள்.

கேட்டு வாங்கிய கிளை வேர் பிடிக்காது, திருடி நட்டதுதான் தழைக்கும் என்று எல்லா ஊரிலும் சொல்வதுண்டு. மற்ற ஊர்களில் விளையாட்டாகச் சொன்னதை எங்கள் ஆட்கள் சட்டமாக வைத்திருந்தார்கள். திருடுவதற்கு ஒரு முறை இருந்தது. வேண்டிய செடி இருக்கும் வீட்டு வாசலில் நின்று இருமவேண்டும். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, "இருங்க, அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடப்போவுது" என்று உள்ளே போகவேண்டும். அவள் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்கிற நேரத்துக்குள் கிளையை ஒடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளவேண்டும். கிளையை மட்டும்தான், வேரைத் தொடக்கூடாது. பிறகு அது வளர்ந்து பூத்து, "இது ஏது?" என்று யாராவது கேட்டால், "எங்க அக்கா ஊர்லேருந்து வந்தது" என்று சொல்லவேண்டும். கேட்டவர், "அதானே பாத்தேன்" என்று தலையாட்டவேண்டும். இரண்டு பேரும் சிரிக்கக்கூடாது. ஆனால் இரண்டு பேருடைய கண்ணிலும் சிரிப்பு இருக்கும். கூடப் பிறந்தவர்களில் தானே மூத்தவரான கலியமூர்த்திக்குக்கூட, ஆலையில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம்கீப்பர் அவர், கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் அக்கா ஊரிலிருந்து வந்து நின்றது.

செங்கமலம் மட்டும் யாரிடமும் எதையும் திருடியதில்லை. விதை பறவைக்குச் சொந்தம், அதைக் கேட்கவும் வேண்டாம் திருடவும் வேண்டாம் என்று சொல்லி, கோயில் மதிலடியிலும் ஆற்றங்கரையிலும் விழுந்து கிடந்த விதைகளைப் பொறுக்கி வந்து எல்லாவற்றையும் முளைக்கவைத்தாள். அதனால் குடியிருப்பில் இருக்கும் பாதிச் செடிகளுக்கு எங்கள் வீடுதான் அக்கா ஊர். எங்கள் வீட்டில் காய்ச்சிய பாலைவிட அவள் பொங்குகிறதா என்று பார்க்கப் போன பால் அதிகம். ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. "எல்லாத் திருடிங்களும் நம்ம வாசல்லதான் இருமறாளுங்க" என்பாள்.

அவளுடைய தோட்டத்தில் எல்லாவற்றையும்விட உசத்தி, கிணற்றடியில் நின்ற மனோரஞ்சிதம். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்ந்தாலும் அந்தப் பழத்தின் மணம் வரும் பூ அது. பாம்பு வரும் என்ற பயத்தால் அதை மட்டும் யாரும் திருடவில்லை.

அடுத்த வீட்டில் தில்லைநாயகி இருந்தாள். அவள் கணவர், கரும்பு வண்டிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் வேலை பார்த்தார். செங்கமலமும் அவளும் நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேச ஆரம்பித்தால் ஆலைச் சங்குதான் வந்து பிரிக்கவேண்டும். ஒரு முறுக்கு உழக்கு, ஒரு தோசைக்கல், ஒரு அம்மிக்குழவி எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அந்தச் சுவரின்மேல் போய் வந்தன.

ஒரு கோடையில் எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, கிணற்றடி மனோரஞ்சிதம் இலை எல்லாம் உதிர்ந்து பட்டுப்போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், தில்லையின் கொல்லையில், முழங்கால் உயரத்தில் ஒரு மனோரஞ்சிதம் புதுத்தளிரோடு நின்றது.

"இது ஏதுடி தில்லை?"

"எங்க அக்கா ஊர்லேருந்துக்கா. திருமுட்டம்."

செங்கமலம் அவள் கண்ணைப் பார்த்தாள். அங்கே இருக்கவேண்டிய சிரிப்பு இல்லை. மற்றவர்கள் அந்தப் பொய்யைச் சொல்லும்போது ஒரு வெட்கம் வருமே, அதுவும் இல்லை. என் மனைவி, "அதானே பாத்தேன்" என்று சொல்லாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"வேரோட பக்கக்கன்னைப் பிடுங்கியிருக்கா. அதான் தாய் பட்டுப்போச்சு. கேட்டா கண்ணு சிமிட்டாம சொல்றா பாருங்க. ஒரு இருமல்கூட இல்லாம வந்திருக்கா, வீட்டுல ஆள் இல்லாதப்போ."

அன்றிலிருந்து சுவரின்மேல் பாத்திரம் போவது நின்றது. தில்லை சிலமுறை ஏதோ சொல்ல வந்து, செங்கமலத்தின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தச் செடி மட்டும் வளர்ந்து சுவரைத் தாண்டிப் பூத்தது. காற்று எங்கள் பக்கம் வீசும்போதெல்லாம், என்ன பழத்தை நினைத்தாலும், என் மனைவிக்குச் செத்துப்போன தன் செடியின் மணமே வந்தது.

வருஷங்கள் போய் நான் ஓய்வு பெற்றேன். ஆலை வீட்டைக் காலி செய்யவேண்டும். பண்ருட்டியில் மகன் வீடு கட்டியிருந்தான். பூச்சி பொட்டு வரக்கூடாது என்று வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒரு சாண் மண் விடாமல் சிமென்டு போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த செங்கமலம், இரண்டு தகர டிரம்மில் கசடு மண் நிரப்பி, தன் செடிகளிலிருந்து கிளை ஒடித்து நட்டுப் பார்த்தாள். எல்லாம் அழுகின. மறுபடி நட்டாள். மறுபடி அழுகின. குடியிருப்பில் யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. "உங்க செடியில நீங்களே எப்படிக்கா திருட முடியும்?" என்றார்கள். விதைகளும் அந்த டிரம்மில் முளைக்கவில்லை.

காலி செய்யும் வீட்டில் கடைசி நாள் அடுப்பு பற்றவைக்கக்கூடாது. ஒரே வரிசை வீட்டுக்காரர்களான லைன்காரர்கள்தான் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து பரிமாறி வழியனுப்பவேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். தில்லை வரவில்லை, நடுச்சுவரின்மேல் ஒரு தூக்குப் பாத்திரம் மட்டும் மூடி வைக்கப்பட்டிருந்தது. செங்கமலம் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு செடியாகத் தொட்டுவிட்டு வந்து லாரியில் ஏறினாள். லாரி திரும்பும்போது நான் பார்த்தேன், பாத்திரம் அங்கேயே இருந்தது, அதன்மேல் கரி விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சங்கு ஊதியபோது, நாங்கள் விட்டு வந்த தோட்டத்தில் இருந்த எல்லாச் செடிகளும் வடக்கே பண்ருட்டி இருக்கும் திசையில் சாய்ந்திருந்தன.

அந்த வீட்டுக்குக் குடிவந்தவள் புனிதா. அவள் கணவன் ஆலை ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்ட். கோலம் போட வந்தவள், செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பவழமல்லியும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் ரோட்டை எட்டிப் பார்ப்பதுபோல ஒரே பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். சந்தேகம் முதலில் அவள்மேல்தான் விழுந்தது.

"என்னாம்மா ஊத்தினே?"

"தண்ணிதாங்க ஊத்தினேன்."

"வீட்டுக்காரரு லேப்புல இருக்காரே, எதனா மருந்து கிருந்து கொண்டாந்தாரா?"

புனிதா அழுதுவிட்டாள். ஆனால் மறுநாள் கலியமூர்த்தி வீட்டுக் கறிவேப்பிலையும் வடக்கே சாய்ந்திருந்தது. அவர் மனைவி அதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க அக்கா பண்ருட்டிக்குக் குடி போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு வீடாக வெளிவந்தது. முல்லை, அரளி, மருதாணி, டிசம்பர் பூ, அக்கா ஊரிலிருந்து வந்தது எல்லாம் தன் உண்மையான அக்கா ஊரைப் பார்த்துச் சாய்ந்தது. ஏன் சாய்ந்தது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. யார் வீட்டில் என்னென்ன சாய்ந்தது என்பதற்கே பொழுது போதவில்லை. உறைமோர் கேட்கிற சாக்கில் பெண்கள் கொல்லை கொல்லையாகப் போய்ப் பார்த்தார்கள். சிலர் கதவைச் சாத்தி வைத்தார்கள். சாத்திய கதவுக்குள் என்ன சாய்ந்திருக்கும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். சிலர் மூங்கில் நட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். கயிறு சில நாள் நின்று பிறகு அறுந்தது. எங்கள் லைனில் கால் வைத்தே அறியாத மேனேஜர் அம்மாவின் பங்களாவில் அடுக்குச் செம்பருத்தி சாய்ந்தது. அதை அங்கே கொண்டுபோய் நட்ட அவருடைய கார் ஓட்டுநர் இரண்டு நாள் லீவு போட்டார். பிள்ளையார் கோயில் அரளி சாய்ந்தபோது குருக்கள், "பகவானுக்குப் பண்ணினது திருட்டுல வராது" என்றார். மாதா கோயில் வாசலில் குரோட்டன்ஸ் சாய்ந்தபோது ஜெபமணி டீச்சர் யாரும் கேட்காமலே, "நான் பாவமன்னிப்பு கேட்டுட்டேன்" என்றார்.

இதையெல்லாம் கலியமூர்த்தி ஆலை டெலிபோனில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவர்களுக்குப் பழகிவிட்டது. குனிந்து போகவேண்டிய இடத்தில் குனிந்து போனார்கள், கொடிக்கயிற்றை மாற்றிக் கட்டினார்கள். செங்கமலம் எங்கே போனாலும் செடிகள் அந்தத் திசைக்குத் திரும்பின என்பதைக் கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கு அதில் ஒரு ருசியும் வந்துவிட்டது.

"அண்ணே, நேத்து எல்லாம் கிழக்கால திரும்பிச்சே, கடலூர்ல என்னா விசேஷம்?"

"என் தங்கச்சி பேத்திக்குக் காது குத்து."

"அதானே பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் திரும்பலியே, சாப்பாடு லேட்டான்னு இங்க பேசிக்கிட்டோம்."

செங்கமலத்துக்கு இது பிடிக்கவில்லை. ஒரு ஊருக்குப் போகக் கிளம்பினால் முப்பது கொல்லைக்குத் தெரிகிறதே என்று குமைந்தாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இருமாமல் திருடியவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காலியாக நின்ற டிரம்முகளுக்குத் தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். கடைசியில் ஒருநாள், இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்க, டெலிபோனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"கலியமூர்த்தி, தில்லை வீட்டு மனோரஞ்சிதம் எப்படி நிக்குது?"

"அதான்க்கா வெவகாரமே. நிமிந்து நிக்குது."

"கட்டி வெச்சிருப்பா."

அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அது அன்று சாயங்காலமே லைன் முழுக்கப் போய்விட்டது. எடைமேடையில் இருக்கிறவருக்கு இரும்புக் கம்பிக்கா பஞ்சம் என்றார்கள். செடிக்குள்ளேயே கம்பியைச் செலுத்தியிருக்கிறார் என்றார்கள். சுவர்மேல் ஏறிப் பார்த்த கலியமூர்த்தி, இலை அடர்த்தியில் ஒன்றும் தெரியவில்லை, அப்படி அடர்த்தியாக வளர்த்திருப்பதே சந்தேகமாக இருக்கிறது என்றார். தில்லை கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். "உள்ள வந்து பாக்க நீங்க யாரு? நான் எதுக்குக் காட்டணும்?" என்றாள். அதோடு தீர்ந்தது. ஒத்துக்கொண்ட திருடர்களுக்கு ஒத்துக்கொள்ளாத திருடியைப் பிடிப்பதில்லை. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது.

இந்த நிலையில் தில்லையின் கணவரும் ஓய்வு பெற்றார். கலியமூர்த்தி சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை காலி பண்றாங்க, சிதம்பரத்துக்கு. எடத்தைக் காலி பண்ற அன்னிக்கு யாரும் சமைச்சு எடுத்துக்கிட்டுப் போறதில்லன்னு பேசியிருக்காங்க அண்ணே. இதுவரைக்கும் நம்ம லைன்ல யாரும் பட்டினியா வெளிய போனதில்ல."

நான் செங்கமலத்திடம் சொன்னேன். அவள் டிரம்மில் கையை விட்டு வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போய்ட்டு வந்துடலாம்," என்றாள். "கையால தடவிப் பாத்துட்டு வந்துடறேன். கட்டு இருந்தா இருக்குன்னு தெரியணும்."

"இல்லாட்டி?"

"இருக்கும்."

பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் லைனுக்குள் நுழைந்தபோது, இரண்டு பக்கத்துச் செடிகளும் எங்களைப் பார்த்துக் குனிந்தன. அவள் நடக்க நடக்க அவளோடு திரும்பின. தாண்டிப் போன செடிகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன. மருதாணி அவள் தோளைத் தொட்டது. நாங்கள் இருந்த வீட்டின் தோட்டம் வேலியைத் தாண்டிப் பாதிப் பாதைக்கு வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, பழகிய நாய்கள் காலைச் சுற்றும்போது நடப்பதுபோல நடந்தாள். கதவுகள் திறந்தன. கலியமூர்த்தி, ஜெபமணி டீச்சர், இடுப்பில் குழந்தையோடு புனிதா, எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

தில்லை கதவைத் திறந்தாள். கூடத்தில் சாமான்கள் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தன. கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு செங்கமலத்தைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் வாங்க. அண்ணே, நீங்களும். மத்தவங்க வாசல்லயே நில்லுங்க."

மனோரஞ்சிதம் கொல்லை மூலையில், திறந்து கிடந்த கதவுகள் வழியாக வாசலிலிருந்தே தெரிகிற இடத்தில் நின்றது. வழியெல்லாம் செடிகள் என் மனைவியைப் பார்த்துத் திரும்பின, இது மட்டும் திரும்பவில்லை. செங்கமலம் கிட்டே போனாள். அடியில் குனிந்து இலைகளை விலக்கி, தண்டை வேரிலிருந்து மேலே கை எட்டும் வரை, பிரசவம் பார்க்கிறவள் வயிற்றைத் தடவுவதுபோல் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். கொக்கி போன்ற முட்கள் அவள் கையைக் கீறின. கயிறு இல்லை. கம்பி இல்லை. கட்டியிருந்தால் இருக்கக்கூடிய தழும்பும் இல்லை. மறுபடி ஒருமுறை தடவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எங்க அக்கா திருமுட்டத்துல இருந்தா," என்றாள் தில்லை. "இருந்தா, செத்துட்டா. உங்க செடி காய ஆரம்பிச்சப்ப நீங்க ஊருல இல்ல. ரெண்டு வேளையும் நான்தான் தண்ணி ஊத்தினேன். நிக்கல. வந்து பாத்தா அழுவீங்களேன்னு எங்க அக்காகிட்ட சொல்லி உங்களுக்காகத்தான் கன்னு கொண்டாந்து, நீங்க வர்ற வரைக்கும் இங்க நட்டு வெச்சேன். நீங்க கேட்டீங்க, சொன்னேன். அக்கா ஊர்னு சொன்னா யாரு இங்க நம்புவா? உண்மையச் சொல்ல இந்த ஊர்ல வேற வார்த்தை ஏதாவது இருந்துச்சா?"

செங்கமலம் வாயைத் திறந்தாள். அவள் என்னோடு வாழ்ந்த காலம் முழுவதும் எவரிடமும் ஒரு கிளைகூடக் கேட்டதில்லை. அதனால் கேட்கத் தெரியாமல் கேட்டாள்.

"எனக்கு அதுல ஒரு கிளை குடேன் தில்லை."

"கேட்டா குடுக்க மாட்டேன்."

வாசலில் யாரோ மூச்சை இழுத்தார்கள். தில்லை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இருங்கக்கா, அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடப்போவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்பு அப்போதே மூட்டைக்குள் இருந்தது. உள்ளே கட்டி வைத்த பாத்திர மூட்டையை அவள் அவிழ்க்கிற சத்தமும், பிறகு ஒவ்வொரு பாத்திரமாகத் தரையில் உருட்டுகிற சத்தமும் கேட்டது. கலியமூர்த்தி திடீரென்று வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்தார். ஜெபமணி டீச்சர் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக முதுகைக் காட்டி நின்றார்கள். நானும் திரும்பிக்கொண்டேன். என் பின்னால், வாழ்க்கையில் முதல்முறையாகத் திருடுகிற ஒருத்தியின் மூச்சிரைப்பும், அதற்கு அப்புறம் ஒரு கிளை முறிகிற சத்தமும் கேட்டன.

வெள்ளிக்கிழமை தில்லை வீட்டுக் கூடத்தில் வைக்க இடமில்லாமல் பாத்திரங்களைச் சுவரின்மேல் வைத்தார்களாம்.

கிளை டிரம்மில் வேர் பிடித்தது. அது தளிர்த்த பிறகு பக்கத்து டிரம்மில் விதைகளும் முளைத்தன; வெள்ளைச் செம்பருத்தி ஒன்று பெரிதாக வந்தது. மனோரஞ்சிதம் ஒரு மாதிரி தெற்கும் கிழக்குமாக, சிதம்பரத்தைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்தது. செங்கமலம் காலையில் காபித் தம்ளரோடு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "தில்லை இன்னிக்கு எங்கியும் போவல" என்பாள். ஒருநாள் அது மேற்கே திரும்பியிருந்தால், "மவன் வீட்டுக்குப் போயிருக்கா" என்பாள். இரண்டு பேரும் வருஷத்துக்கு ஒருமுறை கோயிலில் எங்காவது பார்த்துக்கொண்டார்கள். தில்லை எங்கள் வீட்டுக்கு ஒருமுறையும் வரவில்லை. திருடு கொடுத்தவள் திருடியவள் வீட்டுக்கு வந்து செடியைப் பார்ப்பது முறையல்ல.

செங்கமலம் இறந்தபோது நான் யாருக்கும் சொல்லி அனுப்பும் நிலையில் இல்லை. மாலைக்குள் ஆலைக் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கலியமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கறிவேப்பிலை நிமிந்துடுச்சு அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

தில்லைக்குத் தெரியவில்லை. அவளிடம் செங்கமலத்தின் செடி எதுவும் இருந்ததில்லை. யாரோ சொல்லி, எல்லாம் முடிந்து சில நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டுக் கிளம்பினாள். அன்று காலை மனோரஞ்சிதம் அசைந்துகொண்டே இருந்தது. வெயில் ஏற ஏற ரோட்டைப் பார்த்துத் திரும்பி வந்தது. யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு நான் அடுப்பில் பாலை வைத்தேன்.

அவள் வந்து சிமென்டு வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது. அழ வந்தவள், தன்னைப் பார்த்துத் தரைவரை குனிந்து நின்ற செடியைப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது ஏதுண்ணே?"

"செங்கமலத்தோட அக்கா ஊர்லேருந்து வந்ததும்மா," என்றேன்.

"அதானே பாத்தேன்," என்றாள். அவள் கண்ணில், அந்தப் பேச்சுக்கு இருக்கவேண்டிய சிரிப்பு, தண்ணீருக்குள்ளே இருந்தது. பிறகு அவள் பார்வை பக்கத்து டிரம்முக்குப் போனது. வெள்ளைச் செம்பருத்தி நேராக, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அவள் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு முந்தானையை வாயில் வைத்து, மெல்ல இருமினாள்.

"இரும்மா," என்றேன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடப்போவுது."

உள்ளே போனபோது பால் உண்மையாகவே பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. அலமாரியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, என்னால் முடிந்த அளவு சத்தமாக, வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தேன்.